டேங்கரின் பின்னால் சி-17: வானில் எரிபொருள் பெறும் முறை, படிப்படியாக

சிமுலேட்டரில் சி-17 என்ற பெரிய சரக்கு விமானத்தை ஓட்டப் பழகுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். வானில் எரிபொருள் கொடுக்கும் விமானமான கேசி-135 டேங்கரின் பூம் (எரிபொருள் குழாய்) முனைக்குப் பத்தடி தூரம் வரை வந்துவிடுவார்கள். அங்கே விமானம் மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். இரண்டே நிமிடத்தில் உள்ளங்கை வியர்த்து, விலகிப் போய்விடுவார்கள். "கடைசிப் பத்தடிதான் கடினம்" என்பது அவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம்.

எத்தனையோ பேருக்கு அருகில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். கடைசிப் பத்தடியில் பிழை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அது பிறப்பது ஐம்பதடி பின்னால். சில சமயம் ஐந்து மைல் பின்னால். சில சமயம் புறப்படும் முன் தாளில் போட மறந்த கணக்கில். அதனால் இந்த வழிகாட்டியில் பூம் வந்து பொருந்தும் தொடுதலைவிட அதற்கு முந்தைய படிகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

## 1. முதலில் பொருத்தம் பாருங்கள்

வானில் எரிபொருள் கொடுக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் டேங்கரிலிருந்து நீளும் விறைப்பான குழாயை, அதாவது பூமை, டேங்கரில் இருக்கும் இயக்குநர் ஓட்டி வந்து உங்கள் விமானத்தில் எரிபொருள் வாங்கும் திறப்பான ஏற்புவாயில் பொருத்துவார். மற்றதில் டேங்கர் ஒரு நெகிழ்குழாயை நீட்டும். அதன் நுனியில் உள்ள கூடைக்குள் உங்கள் விமானத்தின் முனைக்குழாயை நீங்களே செருக வேண்டும்.

சி-17இன் ஏற்புவாய் விமானி அறைக்குப் பின்னால், உடலின் மேற்புறத்தில் இருக்கிறது. கூடையில் செருகுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. இந்திய விமானப்படையிடம் சி-17உம் இருக்கிறது, ஆக்ராவை நிலையமாகக் கொண்ட ஐஎல்-78 டேங்கர்களும் இருக்கின்றன. ஆனால் அந்த டேங்கர்கள் நெகிழ்குழாய் வகை என்பதால் இரண்டையும் இணைக்க முடியாது. பயிற்சிக்குத் தவறான டேங்கரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அரை மணி நேரம் அதன் பின்னால் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேசி-135, கேசி-46 போன்ற பூம் டேங்கரைத் தேர்ந்தெடுங்கள்.

## 2. தரையில் போட வேண்டிய கணக்கு

மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே இயந்திரத்தைக் கிளப்புங்கள்.

முதலாவது, எவ்வளவு வேண்டும். பயிற்சிக்கு 60,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 27 டன், என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதற்கு எவ்வளவு தூரம் பறக்க வேண்டியிருக்கும். கேசி-135 தன் எல்லா பம்புகளையும் இயக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 6,000 பவுண்டு தரும். அந்த வேகத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 4,000 என்று வையுங்கள். 60,000 பவுண்டுக்கு 15 நிமிடம். இடையில் பூம் கழன்று மறுபடி பொருத்த நேர்ந்தால் இன்னும் 10 நிமிடம். நிமிடத்துக்கு 7 கடல் மைல் வேகத்தில் 25 நிமிடம் என்றால் 175 கடல் மைல். டேங்கரோடு சேர்ந்து பறக்கக் குறித்த உங்கள் எரிபொருள் தடம் இதைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி நிரம்பும்போதே தடம் முடிந்துவிடும். பூமில் ஒட்டிக்கொண்டே திரும்ப வேண்டிய நிலை வரும்.

மூன்றாவது எண்ணைப் புதியவர்கள் எழுதுவதே இல்லை. ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காமல் தடத்தின் கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றால், மிச்சமுள்ள எரிபொருளில் எந்த விமான நிலையத்தை அடைய முடியும்? அந்த நிலையத்தின் பெயரையும் அங்கே போகத் தேவையான அளவையும் எழுதுங்கள். டேங்கர் வராமல் போகலாம், பூம் பழுதாகலாம், உங்கள் ஏற்புவாயின் கதவு திறக்காமல் இருக்கலாம். சுமை நிரம்ப ஏற்றிய சி-17 வானில் எரிபொருள் பெறாமல் போகக்கூடிய தூரம் சுமார் 2,400 கடல் மைல்தான். 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து கசக்ஸ்தான் வரை 19 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் பறந்து வான்குடை வீரர்களை இறக்கிய சி-17 விமானங்கள் வழியில் மும்முறை எரிபொருள் பெற்றன. அப்படிப்பட்ட பயணத்தில் ஒவ்வொரு சந்திப்புக்கும் தனித்தனி மாற்று நிலையம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் யோசித்துவிட்டு மற்றதைக் கடலின் மேல் யோசிக்க முடியாது.

இந்த மூன்றாவது எண் கையில் இருந்தால் கையும் நடுங்காது. எங்கே இறங்கலாம் என்று தெரிந்தவர் அவசரப்பட்டு டேங்கரை நெருங்குவதில்லை.

## 3. சந்திப்பு: ஆயிரம் அடி கீழே

வழக்கமான சந்திப்பில் டேங்கர் குறித்த புள்ளியில் வட்டமிட்டுக் காத்திருக்கும். நீங்கள் அந்தப் புள்ளியை நோக்கி வருவீர்கள். அது உங்களுக்கு எதிர்த்திசையில், சற்றுப் பக்கவாட்டில் விலகி வந்து, கணக்கிட்ட தூரத்தில் திரும்பி, உங்களுக்குச் சில மைல் முன்னால் அதே திசையில் நேராகும்.

இரு விமானங்களின் உயரமானிகளும் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அழுத்த அளவில் இருக்க வேண்டும். நீங்கள் டேங்கரைவிட 1,000 அடி கீழே வர வேண்டும். எதிரெதிராக வரும் இரண்டு பெரிய விமானங்களுக்கு நடுவே இருக்கும் நம்பகமான காப்பு அந்த ஆயிரம் அடி மட்டுமே. டேங்கரைக் கண்ணால் பார்த்து, அதை ரேடியோவில் சொல்லி, ஏற அனுமதி கிடைக்கும் வரை அதை விட்டுக்கொடுக்காதீர்கள். மேகத்துக்குள் ஒரு புள்ளி தெரிந்ததும் "பார்த்துவிட்டேன்" என்று ஏறுவது பெரும் பிழை. சில நொடிகளில் அந்தப் புள்ளி மறுபடி மறைந்துவிடும். அப்போது நீங்கள் எந்த உயரத்திலும் உறுதியாக இருக்க மாட்டீர்கள்.

வேகத்தை எப்படிக் குறைப்பது என்பதற்கு நான் சொல்லித்தரும் கணக்கு இது. ஒரு கடல் மைல் தூரத்தில் டேங்கரைவிட 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) அதிகம் இருக்கலாம். அரை மைலில் 20, கால் மைலில் 10. அதற்குப் பிறகு நடக்கும் வேகம்தான். சி-17இன் உச்சப் புறப்பாட்டு எடை 265 டன். அதில் பாதி எடையே இருந்தாலும், இயந்திர விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டிலை இழுத்தவுடன் நிற்கும் பொருள் அன்று. தொலைவில் டேங்கர் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அருகில் வந்த பிறகுதான் அது திடீரெனப் பெரிதாகும், வேகத்தைக் குறைக்க அப்போது நேரமிருக்காது.

## 4. நெருங்கும் முன் விமானத்தைத் தயார் செய்யுங்கள்

அரை மைல் பின்னால் இருக்கும்போதே இவற்றை முடித்துவிடுங்கள்: ஏற்புவாயின் கதவைத் திறப்பது, வானிலை ராடாரைக் காத்திருப்பு நிலைக்கு மாற்றுவது, தொலைதூரப் பேச்சுக்கான ஹெச்எஃப் ரேடியோவில் பேசுவதை நிறுத்துவது, எரிபொருள் எந்தத் தொட்டிகளுக்குப் போக வேண்டும் என்று தேர்வது, விளக்குகளைச் சரிசெய்வது.

ராடாரும் ஹெச்எஃபும் ஏன்? எரிபொருளுக்கும் அதன் ஆவிக்கும் அருகில் வலுவான மின்காந்த அலை வேண்டாம். தவிர, உங்கள் ராடாருக்கு நேர் முன்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். கேசி-135இல் பூம் இயக்குநர் வால்பகுதியில் குப்புறப் படுத்துக்கொண்டு உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கதவை மட்டும் ஐம்பதடியில் திறக்க வைத்திருப்பவர்கள் உண்டு. திறந்ததும் விமானத்தின் மேல் காற்று ஓடும் விதம் சற்று மாறும். அந்த மாற்றத்தை அரை மைல் தூரத்திலேயே ட்ரிம் செய்து, அதாவது கை அழுத்தாமலே விமானம் நேராகப் பறக்கும்படி அமைத்து, தீர்த்துவிட வேண்டும்.

இருக்கையின் உயரத்தையும் இப்போதே இறுதியாக்குங்கள். பின்னால் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அளவும் கண் இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

## 5. ஐம்பதடியில் நில்லுங்கள்

முன்தொடு நிலை என்பது பூம் முனைக்குச் சுமார் 50 அடி பின்னால், பூம் 30 பாகை சரிவில் நீண்டால் எந்தக் கோட்டில் இருக்குமோ அதே கோட்டில் இருக்கும் இடம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இங்கே வந்து *நிற்க* வேண்டும். டேங்கருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முப்பது நொடி அப்படி நிற்க முடியாதவரால் முன்னால் போய்த் தொட முடியாது; அங்கே காற்று இதைவிடக் குழப்பமானது.

நிற்பதற்குச் செய்ய வேண்டியவை மூன்று.

ட்ரிம். கட்டுப்பாட்டுக் கோலை ஒரு கணம் தளர்த்திப் பாருங்கள். மூக்கு ஏறினாலோ இறங்கினாலோ ட்ரிம் முடியவில்லை. விமானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் கைக்கு நுண்மையான திருத்தம் வராது.

விசை. த்ராட்டிலைத் தள்ளினால் பெரிய டர்போஃபேன் இயந்திரம் உடனே பதில் தராது. அந்தத் தாமதத்தில் "போதவில்லை" என்று இன்னும் தள்ளுவீர்கள். பிறகு இரண்டும் சேர்ந்து வரும். ஆகவே ஒவ்வொரு விசைத் திருத்தமும் மூன்று அசைவாக இருக்கட்டும்: சிறிது கொடுங்கள், விமானம் நகரத் தொடங்கியதும் கொடுத்ததைவிடச் சற்று அதிகமாக எடுத்துவிடுங்கள், பிறகு இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். முதல் அசைவு நகர்த்த, இரண்டாவது நிறுத்த, மூன்றாவது அங்கேயே இருக்க. புதியவர்கள் முதலாவதைச் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஊஞ்சல் போன்ற முன்பின் ஆட்டம் அங்கிருந்துதான் வருகிறது.

பார்வை. பூமைப் பார்க்காதீர்கள். டேங்கரை முழுதாகப் பாருங்கள்: இறக்கையும் இயந்திரக் கூடுகளும் எந்த இடத்தில் ஒன்றையொன்று மறைக்கின்றன, வயிற்றின் நடுவே ஓடும் மஞ்சள் கோடு எங்கே இருக்கிறது என்று. பொறியியல் படிக்கும் ஒரு தம்பி என்னிடம் பழக வந்தார். "அண்ணா, பூம் என்னை விட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது" என்றார். பூமை இன்னொருவர் ஓட்டுகிறார். அது அசையும், அசையத்தான் வேண்டும். அசையும் பொருளை அடையாளமாக வைத்து உங்கள் இடத்தைத் திருத்தினால் நீங்களும் அசைவீர்கள். உங்கள் ஏற்புவாய் தலைக்குப் பின்னால் இருக்கிறது, அதை நீங்கள் பார்க்கவே முடியாது. முனையைப் பொருத்துவது இயக்குநரின் வேலை. அவருக்கு அசையாத ஓர் இலக்கைக் கொடுப்பது உங்கள் வேலை. அந்தத் தம்பியை ஒரு மாலை முழுவதும் ஐம்பதடியைத் தாண்ட விடவில்லை. மறுநாள் மூன்றாம் முயற்சியில் தொட்டார்.

கோலை விரல்களால் பிடியுங்கள். கால்விரல்களை அசைத்துப் பாருங்கள். அவை மடங்கி இறுகியிருந்தால் கையும் இறுகியிருக்கிறது என்று பொருள்.

## 6. முன்னேறுதல்: நொடிக்கு ஓர் அடி

அனுமதி வந்ததும் நொடிக்கு ஓர் அடி வேகத்தில் முன்னேறுங்கள். அது நாட் கணக்கில் ஒன்றுக்கும் குறைவு. வேகமானியில் தெரியவே தெரியாது. ஐம்பதடிக்கு ஏறக்குறைய ஐம்பது நொடி. இயக்குநர் மிச்சத் தூரத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டு வருவார். அவர் நாற்பது என்று சொன்னதிலிருந்து முப்பது என்று சொல்லும் வரை மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். ஐந்திலேயே முப்பது வந்துவிட்டால் நீங்கள் இரு மடங்கு வேகத்தில் போகிறீர்கள்.

இந்த ஐம்பதடிக்குள் இரண்டு மாற்றங்கள் வரும். டேங்கரின் இறக்கைகள் கீழே தள்ளும் காற்றுக்குள் நுழைகிறீர்கள், அதனால் நெருங்க நெருங்க அதிக விசை வேண்டும். கூடவே, உங்கள் பெரிய மூக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகும் காற்று டேங்கரின் வாலைத் தூக்கும். அதன் மூக்கு தாழப் பார்க்கும். மெதுவாகப் போனால் டேங்கரின் ஆட்டோபைலட் இதைத் தானே சரிக்கட்டும். வேகமாகப் போனால் டேங்கரும் ஆடும், அதைப் பார்த்து நீங்களும் ஆடுவீர்கள். இரண்டு விமானங்களும் ஒன்றையொன்று துரத்தும் இந்த நிலையில் திருத்த முயலாதீர்கள். ஐம்பதடிக்குத் திரும்பி, நின்று, மறுபடி தொடங்குங்கள்.

## 7. தொடர்பில் இருக்கும்போது

பூம் பொருந்தியதும் இருவரும் "தொடர்பு" என்று சொல்லி உறுதி செய்வீர்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் பெருமூச்சு விட்டுக் கையைத் தளர்த்துவது இயல்பு. அடுத்த ஐந்து நொடியில் கழன்றுபோவதும் அதனால்தான். ஐம்பதடியில் செய்த அதே வேலை இங்கேயும் தொடர்கிறது.

பூமின் அசையும் எல்லை சிறியது. கேசி-135இல் ஏற்றத்தாழ்வுக்குச் சுமார் 20 முதல் 40 பாகை, நீளத்துக்குச் சுமார் 6 முதல் 18 அடி. பக்கவாட்டிலும் கொஞ்சம்தான். 30 பாகை, 12 அடி என்ற நடுவில் இருக்கப் பாருங்கள். டேங்கரின் வயிற்றில் இரண்டு வரிசை வழிகாட்டு விளக்குகள் இருக்கின்றன. இடது வரிசை மேல்கீழுக்கு, வலது வரிசை முன்பின்னுக்கு. இடவலத்துக்கு விளக்கு கிடையாது, மஞ்சள் கோடுதான்.

விளக்குகளைத் தலைகீழாகப் படிப்பது எல்லாரும் ஒரு முறையாவது செய்யும் பிழை. அவை நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டுவதில்லை; நீங்கள் போக வேண்டிய திசையைச் சொல்கின்றன. முன்னால் என்பதைக் குறிக்கும் எழுத்து எரிந்தால் "முன்னால் வா" என்று பொருள். அதை "நான் அதிகம் முன்னால் வந்துவிட்டேன்" என்று படித்துப் பின்வாங்கினால் பூமின் கடைசி நுனிவரை இழுத்துக் கழற்றிவிடுவீர்கள். தொடர்புக்கு முன்பே இதை மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எரிபொருள் ஏற ஏற எடை கூடுகிறது. பதினைந்து நிமிடத்தில் 27 டன் என்றால், அதே இடத்தில் இருக்கத் தேவையான விசையும் ட்ரிம்மும் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். "இதே இடத்தில்தானே த்ராட்டிலை வைத்திருந்தேன், ஏன் பின்னால் நழுவுகிறேன்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

டேங்கர் திரும்பும்போது இன்னொரு குழப்பம். அது இடப்பக்கம் சாய்ந்தால் அதன் வயிறு வலப்பக்கம் பார்க்கும். பூமும் அந்தப் பக்கம் போகும். எனவே நீங்களும் அதே அளவு சாய்ந்துகொண்டு, வளைவின் வெளிப்புறமாகச் சற்று நகர்ந்திருக்க வேண்டும். புதியவர்கள் வளைவின் உட்புறம் வெட்டிப் போய், பக்கவாட்டு எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டால் தானாகச் சரியான இடத்தில் இருப்பீர்கள். முதல் பத்துப் பயிற்சிகளை நேர்த்தடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

## 8. விசை போதாவிட்டால்

எடை கூடி, உயரமும் அதிகமாக இருந்தால், த்ராட்டில் முழுதாகத் தள்ளியும் பின்னால் நழுவும் நிலை வரலாம். அப்போது இரு விமானங்களும் சேர்ந்து மெதுவாக இறங்கிக்கொண்டே எரிபொருள் மாற்றலாம். சறுக்கும்போது கிடைக்கும் வேகம் குறையும் விசைக்கு ஈடாகும்.

1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஹெர்குலிஸ் சரக்கு விமானங்கள் அசென்ஷன் தீவிலிருந்து தெற்கே போக இதையே நம்பின. எரிபொருள் கொடுத்த விக்டர் ஜெட் விமானம், ஹெர்குலிஸோ சுழல்விசிறிகளால் மெதுவாகப் பறக்கும் டர்போப்ராப். விக்டர் எவ்வளவு மெதுவாகப் பறந்தாலும் ஒரே உயரத்தில் பறக்கும்போது ஹெர்குலிஸால் அதை ஒட்டி நிற்க முடியவில்லை. உயரத்தில் இணைந்து, நிமிடத்துக்குச் சுமார் 500 அடி இறங்கியபடியே நிரப்பினார்கள்.

இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் த்ராட்டில் எங்கே இருக்கிறது என்று டேங்கருக்குத் தெரியாது. முழு விசையைத் தொடும் முன்பே கேளுங்கள். கீழே இறங்க எவ்வளவு உயரம் காலியாக இருக்கிறது என்பதையும் முன்பே தெரிந்துவைத்திருங்கள்.

## 9. முறித்து விலகல்

வரிசையில் இது ஒன்பதாவது. பயிற்சியில் முதலாவதாகச் செய்ய வேண்டியது இதுதான். ஒருமுறைகூடத் தொடும் முன்பு பத்து முறை முறித்து விலகிப் பழகுங்கள்.

டேங்கரின் அழைப்புப் பெயரைச் சொல்லி "பிரேக்அவே" என்று மும்முறை கூறினால், அல்லது வழிகாட்டு விளக்குகள் வேகமாக மின்னினால், உடனே த்ராட்டிலை முழுதாக இழுத்து இறங்குங்கள். டேங்கர் முழு விசை கொடுத்து முன்னேறி ஏறும். இடையில் ஆயிரம் அடி உண்டாகும் வரை நிறுத்தாதீர்கள்.

த்ராட்டிலை மட்டும் இழுத்துவிட்டு இறங்காமல் இருப்பது உயிருக்கு ஆபத்தான பிழை. எடை மிகுந்த விமானம் இருக்கும் வேகத்திலேயே டேங்கருக்கு அடியில் நுழைந்துவிடும். இரண்டு உடல்களுக்கும் நடுவே காற்றழுத்தம் குறைந்து ஒன்றையொன்று இழுக்கும். டேங்கர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, உங்களை அவர்களுக்கும் தெரியாது.

இந்த அழைப்பை யாரும் விடுக்கலாம், நீங்களும் விடுக்கலாம். 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமாரெஸ் அருகே ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் சற்று வேகமாக நெருங்கி கேசி-135உடன் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். முறித்து விலகும்படி அழைப்பு எதுவும் வரவில்லை, அதனால் ஆபத்து இருப்பதாகத் தோன்றவில்லை என்று உயிர் பிழைத்தவர்களில் ஒருவர் பின்னர் சொன்னார். எதிர்ப்பக்கம் மௌனமாக இருப்பதைப் "எல்லாம் சரி" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருங்கும் வேகம் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலே போதும்.

## 10. கழன்ற பிறகு

வேண்டிய அளவு கிடைத்ததும் கழற்றச் சொல்லுங்கள். கழன்றது உறுதியானதும் வந்த கோட்டிலேயே, நேராகப் பின்னாலும் சற்றுக் கீழாகவும், ஐம்பதடிக்குத் திரும்புங்கள். மகிழ்ச்சியில் உடனே பக்கவாட்டில் சாய்வது வேண்டாம்; பூம் இன்னும் உங்கள் கூரைக்கு மேலேதான் இருக்கிறது, இறக்கை நுனிச் சுழல்களும் இருபுறமும் காத்திருக்கின்றன.

டேங்கர் தெளிவாக விலகிய பிறகு ஏற்புவாயின் கதவை மூடுங்கள், ராடாரைத் திரும்ப இயக்குங்கள், தொட்டிகளில் எரிபொருள் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, புது எடைக்கு எல்லா வேகங்களையும் மறுபடி கணக்கிடுங்கள். அரை மணி நேரத்துக்கு முன் இருந்ததைவிட 27 டன் கனமான விமானத்தை இப்போது ஓட்டுகிறீர்கள். பழைய தாளில் உள்ள வேகங்கள் அதற்குப் பொருந்தா.